குருநாகலில் வாங்கினால் வற் இல்லையா?

கேள்வி: ஐயா, நான் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், தம்பலகாமத்தில் வயல் செய்பவன். சொந்தமாக எட்டு ஏக்கர், குத்தகைக்கு ஆறு ஏக்கர். பெரும்போகத்துக்கு முன் நாலு சக்கர உழவு இயந்திரம் ஒன்று எடுக்க நினைக்கிறேன். திருகோணமலையில் ஒரு விற்பனை நிலையம் புது மெசினுக்கு 59 இலட்சம் என்று விலை எழுதித் தந்திருக்கிறது. 'வற் (பெறுமதி சேர் வரி) 18% உட்பட' என்று அதில் இருக்கிறது. குருநாகலில் ஒரு கடையில் அதே மெசின் 54 இலட்சம். "நீங்கள் வேறு மாகாணம், அதனால் வற் போடமாட்டோம், காசாகக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். பொலன்னறுவையில் பாவித்த மெசின் ஒன்று இழுவைப் பெட்டியோடு 36 இலட்சத்துக்கு இருக்கிறது. சியாட்டிலில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அவர் பக்கத்து மாநிலத்தில் புல் வெட்டும் சின்ன ட்ரக்டர் வாங்கியவர். "வாங்கும் இடத்தில் வரி இல்லை, ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எங்கள் மாநிலம் கேட்கும், கவனம்" என்றார். கிழக்கு மாகாணமும் அப்படிப் பிறகு வந்து கேட்குமா? எங்கே வாங்குவது நல்லது?

பதில்: கிழக்கு மாகாணம் உங்களிடம் விற்பனை வரி கேட்டு வராது. அதே நேரம், நீங்கள் வேறு மாகாணம் என்ற காரணத்துக்காகக் குருநாகல் கடைக்காரர் வற்றை விட்டுத்தரவும் முடியாது. மச்சான் சொன்னது அவருடைய நாட்டுக்கு முழுக்கச் சரி. குருநாகல்காரர் சொன்னது எந்த நாட்டுச் சட்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் மச்சானின் கதையை முடித்துவிடுவோம். இந்த மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வெளிநாட்டுச் சொந்தம் ஒருவர் ஏதோ சொல்லியிருப்பார். அமெரிக்காவில் விற்பனை வரி நாட்டுக்குப் பொதுவான வரி அல்ல, மாநிலத்தின் வரி. 45 மாநிலங்களில் உண்டு, ஐந்தில் மாநில அளவில் இல்லை. மச்சானின் வாஷிங்டன் மாநிலத்தில் மாநிலத்துக்கு மட்டும் 6.5 வீதம், அதற்கு மேல் ஊர்களின் பங்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரேகன், அங்கே விற்பனை வரியே கிடையாது. எல்லாரும் பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கினால் வாஷிங்டன் கடைக்காரர் என்ன செய்வார்? அதனால் 1935இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தபோதே பாவனை வரி என்று இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வெளியில் வரி கட்டாமல் வாங்கிய பொருளை உள்ளே கொண்டுவந்து பாவித்தால், அதே அளவு வரியை வாங்கியவரே கட்ட வேண்டும். வெளி மாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அந்த வரியை எதிர்த்து முதலில் பெரிதாக வழக்காடியது ஒரு கட்டுமானக் கம்பெனி. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணையைக் கட்ட வெளி மாநிலங்களில் இயந்திரங்கள் வாங்கிக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் 2 வீதம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1937இல் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பானது. ஆக மச்சான் பயப்படுவது தொண்ணூறு வருடப் பழைய பயம். அங்கே வயலுக்குள் மட்டும் ஓடும் ட்ரக்டருக்குப் பல மாநிலங்களில் காரைப் போலப் பதிவுப் பத்திரம் தேவையில்லை. எந்த அலுவலகத்திலும் யாரும் நிறுத்தி வரி கேட்க மாட்டார்கள், தானாகக் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். அப்புறம், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் விவசாயி தன் பதிவு இலக்கத்தைக் காட்டினால் பண்ணை இயந்திரத்துக்கு விற்பனை வரியே இல்லை. மச்சான் வாங்கியது வீட்டுப் புல்லுக்கு என்பதால் அவருக்கு அது உதவாது.

இனி எங்கள் பக்கம்.

இங்கே மாகாணத்துக்கு மாகாணம் விற்பனை வரி இருந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்த வருமான வழிகளில் விற்பனை மீதான புரள்வு வரியும் ஒன்று. என்னிடம் உள்ள பழைய கோப்புகளில் அந்தப் படிவங்கள் இன்னும் கிடக்கின்றன. 2011 ஜனவரி 1இலிருந்து அது நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மத்திய அரசு நாட்டைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்த வரியும் 2019 டிசம்பரோடு போய்விட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாகாண வரி இருந்த காலத்திலும் அது கடைக்காரரின் விற்பனைக் கணக்கில்தான் விழுந்தது. வாங்கியவரின் வளவுக்குள் வந்து யாரும் கேட்டதில்லை.

வற் என்பது முழு நாட்டுக்கும் ஒரே வரி. 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். வீதம்தான் அடிக்கடி மாறுகிறது: 2019 டிசம்பரில் 8க்கு இறங்கி, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியிலிருந்து 18. அந்த ஜனவரியில் வரிவிலக்குப் பட்டியலும் வெகுவாகச் சுருங்கியது. ஆகவே அயல் வயல்காரர் நாலைந்து வருடத்துக்கு முன் வாங்கிய விலையை வைத்து இன்றைய விலையைப் பேசாதீர்கள். குருநாகலில் விற்றாலும் திருகோணமலையில் விற்றாலும் இந்த 18 ஒன்றுதான். ஏற்றுமதிக்குத்தான் பூச்சிய வீதம். ஏ6 வீதியில் லொறி ஏற்றித் தம்பலகாமத்துக்கு அனுப்புவதை ஏற்றுமதி என்று எந்தச் சுங்க அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியென்றால் 54 இலட்சம் எப்படி வந்தது? இங்கேதான் காகிதத்தையும் பேனாவையும் எடுக்க வேண்டும்.

59 இலட்சத்தில் வற் எவ்வளவு என்று கேட்டால் பலர் 59ஐ 18 வீதத்தால் பெருக்கி 10 இலட்சத்து 62 ஆயிரம் என்பார்கள். அது பிழை. 18 வீதம் வரி சேராத விலையின் மேல்தான் போடப்படுகிறது. ஆகவே 59ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும். வருவது சரியாக 50 இலட்சம். வற் 9 இலட்சம். இப்போது குருநாகல்காரர் உண்மையிலேயே அதே மெசினை வற் இல்லாமல் தருகிறார் என்றால் 50 இலட்சத்துக்குத் தர வேண்டும். அவர் கேட்பது 54. சிட்டை இல்லாமல் விற்பதால் மிச்சமாகும் 9 இலட்சத்தில் உங்களுக்கு 5, அவருக்கு 4. அரசாங்கத்துக்குப் போக வேண்டிய காசை இரண்டு பேரும் பங்கு போடுகிறீர்கள். பின்னால் பிரச்சினை வந்தால் அதில் மட்டும் பங்கு கிடையாது, முழுவதும் உங்கள் தலையில்தான்.

"ஐயா, அவர் வற் பதிவு செய்யாத சின்ன வியாபாரியாக இருக்கலாமே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதையும் கணக்குப் பார்ப்போம். 2024 ஜனவரியில் வற் பதிவுக்கான வரம்பை வருடத்துக்கு 6 கோடி ரூபா விற்பனை, அல்லது ஒரு காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி என்று ஆக்கினார்கள். 2020இல் இது 30 கோடியாக இருந்தது, 2022 ஒக்டோபரில் 8 கோடியானது, பிறகு 6. இனி ஏறும் என்று நான் நினைக்கவில்லை. 54 இலட்சம் மெசினில் ஒரு காலாண்டுக்கு மூன்று விற்றாலே 1 கோடி 62 இலட்சம். கண்ணாடி போட்ட காட்சியறை வைத்துப் புது ட்ரக்டர் விற்பவர் மூன்று மாதத்தில் மூன்று கூட விற்கவில்லை என்றால், அந்தக் கடையில் வாங்குவதற்கே யோசிக்க வேண்டும்.

சரி, உண்மையாகவே பதிவு தேவைப்படாத சிறு வியாபாரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விலை அவ்வளவு குறைய வழி இல்லை. இந்த மெசின்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. உங்கள் விலைச்சிட்டையில் வற் இருக்கிறது என்றால் அந்த வற்றில் பெரும்பகுதி துறைமுகத்திலேயே சுங்கத்தில் கட்டியாகிவிட்டது. பதிவு செய்த வியாபாரி தான் கட்டியதைத் தன் விற்பனை வற்றில் கழித்துக்கொள்வார். பதிவு இல்லாதவருக்குக் கழிக்க வழி இல்லை, அவர் கொள்முதல் விலைக்குள் அது ஒளிந்திருக்கும். நேர்மையான சிறு வியாபாரி தன் இலாபத்தின் மேல் விழும் 18 வீதத்தை மட்டும்தான் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தர முடியும். அது ஒரு இலட்சமோ ஒன்றரையோ, ஐந்து அல்ல. 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று ஒன்று 2022 ஒக்டோபரிலிருந்து இருக்கிறதே, அது எந்தக் கடையிலும் விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். அதை வைத்துப் பேரம் பேசப் போக வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் கேட்பது: "நான் வற் பதிவு எடுத்து அந்த 9 இலட்சத்தைத் திருப்பி எடுக்க முடியாதா?" வயல்காரருக்கு இது பொருந்தாது. பதிவு எடுத்தால் நீங்கள் ஊரில் கூலிக்கு உழும் ஒவ்வொரு ஏக்கருக்கும் 18 வீதம் சேர்த்துக் கேட்க வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை கணக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து வயல்காரர் அடுத்த மெசினைக் கூப்பிட்டுவிட்டுப் போவார். அந்த 9 இலட்சம் உங்களுக்குச் செலவுதான். அதை ஏற்றுக்கொண்டு விலையைப் பேசுங்கள்.

பேசலாம் என்றுதான் சொல்கிறேன். 59 என்பது கல்லில் எழுதியது அல்ல. குருநாகலுக்கும் கண்டிக்கும் தொலைபேசி எடுத்து, "வற்றோடு, சிட்டையோடு, பதிவும் செய்து என்ன விலை?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். 57 என்று ஒருவர் சொன்னால் அது உண்மையான வித்தியாசம். அதைக் கொண்டுபோய் திருகோணமலைக் கடையில் காட்டினால், ரொட்டவேட்டரையோ முதல் இரண்டு சேர்விஸையோ சேர்த்துத் தருவார்கள். மெசின் சேற்றுக்குள் நின்றுபோகும் நாளில் குருநாகலிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் தண்ணீர் முறை முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது வரிக் கணக்கில் வராது, ஆனால் உங்கள் கணக்கில் வரும்.

சிட்டை விடயத்தில் ஒரு சிறு தெளிவு. 'வரிச்சிட்டை' என்று தலைப்புப் போட்டதுதான் வேண்டும் என்று கடையில் சண்டை பிடிக்க வேண்டாம். அது வற் பதிவு உள்ளவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவது. உங்களுக்கு வேண்டியது கடையின் பெயர், முகவரி, வற் இலக்கம், உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், மெசினின் மொடல், சேசி இலக்கம், என்ஜின் இலக்கம், கொடுத்த முழுத் தொகை எல்லாம் இருக்கும் ஒழுங்கான சிட்டை. வற் இலக்கம் என்பது ஒன்பது இலக்க டின் எண்ணும் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) அதன் பின்னால் 7000மும். பின்னால் 7000 இல்லாத இலக்கத்தைக் காட்டி ஒருவர் வற் வாங்கினால் நிறுத்திக் கேளுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944க்கு எடுத்து விசாரிக்கலாம். பதிவில்லாமல் வற் அறவிடுவது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் ஒன்றும் தயவு கேட்கவில்லை.

அந்தத் தாள் எதற்கு என்றால், வற்றுக்காக அல்ல. மெசினில் பிழை வந்தால் உத்தரவாதம் அதில்தான் தொங்குகிறது. லீசிங் கம்பெனி அது இல்லாமல் ஒரு ரூபாவும் தராது. 54 இலட்சத்தைக் காசாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. வருமான வரிப் பக்கமும் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு வருடம் 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கு. வயலும் கூலி உழவும் சேர்ந்து ஒரு நல்ல வருடத்தில் அதைத் தாண்டினால், மெசினின் விலையைச் சில வருடங்களுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டலாம். சிட்டை இல்லாத மெசினுக்குத் தேய்மானம் கேட்டு என்னிடம் வராதீர்கள். டின் எண் இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள், செலவில்லை. டின் எடுத்தால் உடனே வரி கட்ட வேண்டும் என்று விதானையார் வீட்டு வாசலில் யாரோ சொன்னதாக உங்கள் ஊரிலிருந்தே இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அப்படி இல்லை.

இனிப் பொலன்னறுவை. மாகாணம் மாறுவது உண்மையில் வேலை வைப்பது இங்கேதான்.

சொந்தமாகப் பாவித்த மெசினை ஒரு விவசாயி விற்றால் வற் என்ற பேச்சே இல்லை. ஒரு கம்பெனி தன் பழைய மெசின்களை விற்கிறது என்றால் மட்டும், சொன்ன விலை வற் சேர்த்தா சேராமலா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். 36 என்று பேசிவிட்டு, கடைசி நாளில் "அதற்கு மேல் வற்" என்றால் ஆறரை இலட்சம் கூடிவிடும்.

ஆனால் பாவித்த வாகனத்துக்குப் பின்னால் வேறு வால் இருக்கும். முதலாவது வருமான அனுமதிப்பத்திரம், எங்கள் ஆட்கள் 'டக்ஸ்' என்று சொல்வது. இது மாகாணத்தின் வருமானம். பிரதேச செயலகத்தில் வருடா வருடம் எடுக்க வேண்டும், கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசப்படும். வயலுக்குள் மட்டும் நிற்கும் மெசினுக்கு இதை எடுக்காமல் விட்டுவிடுவது எல்லா ஊரிலும் பழக்கம். வாகனம் பாவனையில் இல்லை என்று முறைப்படி அறிவித்திருந்தால் சரி. அறிவிக்காமல் விட்டிருந்தால் நிலுவையும் தண்டமும் மெசினோடு சேர்ந்தே உங்கள் வளவுக்கு வரும். நீங்கள் உங்கள் பெயரில் புதுப் பத்திரம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். மச்சான் சொன்ன 'பின்னால் வந்து கேட்கும் வரி' என்று எங்கள் நாட்டில் ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். கேட்பது கிழக்கு மாகாணத்தில், பாக்கி வைத்தது பொலன்னறுவை இருக்கும் வடமத்தி மாகாணத்தில். ஆகவே கடைசி ஐந்து வருடப் பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால் விற்பவர் கட்டித் தரட்டும், அல்லது விலையில் கழியுங்கள்.

பெட்டியை மறந்துவிடாதீர்கள். இழுவைப் பெட்டிக்குத் தனிப் பதிவு, தனி இலக்கம், தனிப் பதிவுப் புத்தகம். மெசினின் புத்தகத்தை மட்டும் காட்டி, "பெட்டியும் இதோடுதான்" என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பெட்டி பதிவே இல்லாமல் ஊர்ப் பட்டறையில் ஒட்டியதாக இருக்கும். வயலுக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். நெல் மூட்டை ஏற்றிக் கந்தளாய் வீதியில் ஏறியதும் கேட்பார்கள்.

அடுத்தது திறந்த பத்திரம், எல்லாரும் சொல்கிற 'ஓப்பன் பேப்பர்'. பதிவுப் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்கும், கையில் வைத்திருப்பவர் நாலாவது ஆள், கையெழுத்துப் போட்ட வெறும் படிவம் ஒன்று கைமாறிக்கொண்டே வரும். சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்பவர் கொடுப்பது எம்.டி.ஏ. 6 படிவம், வாங்குபவர் எம்.டி.ஏ. 8. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு வயோதிபர் வந்தார். வெளி மாவட்டத்தில் திறந்த பத்திரத்தில் வாங்கிய மெசின், ஆறு போகம் நல்லாக ஓடியது. பெயர் மாற்றப் போனபோது பதிவு உரிமையாளர் இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் நாலு பேர், ஒருவர் இத்தாலியில். அந்தப் பிள்ளைகளுக்கும் அப்பா எப்போது விற்றார், எவ்வளவுக்கு விற்றார் என்று ஒன்றும் தெரியாது, கையெழுத்துப் போடப் பயம். மெசின் கடைசிவரை அந்த வயோதிபர் பெயருக்கு வரவில்லை. பழைய இரும்பு விலைக்குக் கிட்டவாகத்தான் விற்றார்.

ஆகவே புத்தகத்தில் பெயர் உள்ள ஆளைப் பாருங்கள். அவருடைய அடையாள அட்டையைப் பாருங்கள். உரிமையாளர் பெயரோடு ஒரு லீசிங் கம்பெனியின் பெயரும் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் தவிர வேறு காசு கொடுக்காதீர்கள். சேசி இலக்கத்தைக் கண்ணால் பார்ப்பது போதாது. துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு, பென்சிலால் தாளில் உரசி எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

மணல் வழக்கையும் கேளுங்கள். மகாவலிக் கரையோரம் நீண்ட காலம் இருந்த எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அனுமதியில்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்ட ட்ரக்டர் பிணையில் வெளியே வந்திருக்கும், வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் உள்ள மெசினை வாங்கினால் நீதிமன்ற வளவில் போய் நிற்பது மெசின் மட்டும் அல்ல. திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுத்தால் மாற்றத்துக்குத் தடை ஏதும் போட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஊரில் இரண்டு பேரிடம் தேத்தண்ணி குடித்தபடி கதைத்தால் மீதியும் தெரியும். பொலன்னறுவைக்குப் போக வர ஆகும் செலவை விட அந்தத் தேத்தண்ணி பெறுமதியானது.

மாகாணம் மாறுவதால் இலக்கத் தகட்டை மாற்ற வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். முன்பு தகட்டில் மாகாணத்தின் இரண்டு எழுத்து இருந்தது, வடமத்தியிலிருந்து கிழக்குக்கு வந்தால் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. 2023இலிருந்து அந்தத் தேவை இல்லை. தரகர் அதற்கென்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதை வாங்கலாம் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பதினாலு ஏக்கருக்குப் புது மெசின் கொஞ்சம் பெரிய செலவுதான். கூலி உழவு செய்யும் எண்ணம் உறுதியாக இருந்தால் திருகோணமலையில் வற்றோடு வாங்குங்கள், 57க்கு இறக்கப் பாருங்கள். உங்கள் சொந்த வயலுக்கு மட்டும் என்றால் நான் பொலன்னறுவை மெசினின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: புத்தகத்தில் பெயர் உள்ளவரே வந்து கையெழுத்திட வேண்டும், பெட்டிக்கும் புத்தகம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள், 36 இல்லை 30க்குத் தந்தாலும் வேண்டாம். குருநாகல் 54ஐ இன்றே மறந்துவிடுங்கள்.

வாங்கினால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். காப்புறுதியும் டக்ஸும் உங்கள் பெயரில் இல்லாத மெசினோடு வழியில் ஒரு விபத்து என்றால் கணக்கே வேறு. தாழ்தட்டு லொறியில் ஏற்றுங்கள், பகலிலேயே ஏற்றுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு யானை வீதியில் நிற்கும், அதற்கு லொறியும் ஒன்றுதான் ட்ரக்டரும் ஒன்றுதான்.

பொலன்னறுவைக்காரரிடம் காசு கொடுக்கும் முன் இரண்டு புத்தகங்களினதும் போட்டோ பிரதியும், கடைசி வருடங்களின் டக்ஸ் பத்திரங்களும் எடுத்து அனுப்புங்கள். எம்.டி.ஏ. 8ஐ நிரப்பும்போது உங்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தில் ஒரு புள்ளி கூடினதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட படிவம் ஒன்று இப்போதும் என் மேசையில் கிடக்கிறது.